ஞாயிறு மாலை வரை மௌனம்

பிப்ரவரி 3, செவ்வாய்

நூலகத்தில் இன்றைக்கு மூன்று தடவை இடம் மாறினேன். ஜன்னல் ஓரத்தில் வெயில் கண்ணைக் குத்துகிறது. சுவர் ஓரத்தில் புழுக்கம். நடு மேஜைக்கு வந்தால் யாரோ விடாமல் காலை ஆட்டி மேஜையே நடுங்குகிறது. யாரென்று குனிந்து பார்த்தேன். என் கால்தான்.

முப்பத்திநாலு வயசில் முதுகலை. சர்வதேச, ஐரோப்பிய உறவுகள். சொல்லிப் பார்த்தால் பெரிதாகத்தான் இருக்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்து "உங்க சிரமம் புரியுதுங்க, நீங்க சொல்றது சரிதாங்க" என்று சொன்னவள், இப்போது ஒப்பந்தங்களின் ஷரத்துகளை அடிக்கோடு போட்டுப் படிக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் பேப்பரின் வெளிநாட்டுப் பக்கத்தை மட்டும் படிக்கிற பழக்கம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை பேர் என்னதான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆசைப்பட்டு வந்தாயிற்று. இப்போது என்ன? கூடப் படிப்பவர்கள் என்னை "அக்கா" என்கிறார்கள். பேராசிரியைக்கே என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும்.

பேச்சுவார்த்தைப் பயிற்சிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். கற்பனை ஒன்றியம், கற்பனை நாடுகள், விதிகள் மட்டும் அசல். எனக்கு வந்தது இருக்கிறதிலேயே சின்ன நாடு, ஒரு தீவு. தலைமை நாடு ‘எதிர்க்கட்சி’க்குப் போய்விட்டது. வகுப்பில் எதைச் சொன்னாலும் மறுத்துக் கை தூக்குகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சீட்டைப் பிரித்த நிமிஷமே ஆளுங்கட்சி ஆகிவிட்டான். "எல்லாரும் கொஞ்சம் ஒத்துழைக்கணும்" என்கிறான்!

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒன்றும் படிக்கவில்லை. அறையைப் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன்.

பிப்ரவரி 11, புதன்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு. வகுப்பு நடக்கும்போதே அக்காவின் அழைப்பு. எடுத்தால் அழுகைதான் கேட்டது, வார்த்தையே இல்லை. நாளைக்கு ஆபரேஷன். பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மாவுக்கு மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டைப் பூட்டினீங்களா?"

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், நாங்கள் மூன்று பேரும். அப்பா போனபிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நிற்பது எப்போதாவதுதான்.

"டாக்டர் சொல்றதைப் பார்த்தா ஆறேழு மாசம் கூடவே ஆள் வேணும்" என்றான் அண்ணன்.

"நான் லீவ் போட்டு மார்ச் பாதி வரைக்கும் பார்த்துக்கறேன். அதுக்கு மேல பிள்ளைங்க பரீட்சை. அவரு ஒத்தை ஆளா தடுமாறுவாரு" என்றாள் அக்கா.

"நான் கூட்டிட்டுப் போலாம். ஆனா எங்க வீடு சரிப்படாது. அண்ணியும் வேலைக்குப் போறா, நானும் போறேன். பகல்ல யாரு?"

பிறகு ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை, அப்படி ஒரு ஒற்றுமை.

"படிப்பு எங்கடீ ஓடிப்போகுது? அடுத்த வருஷம் படிச்சுக்கலாமே" என்றாள் அக்கா.

அம்மாவுக்கு வெந்நீர் வேண்டும் என்று போய்விட்டேன். அம்மா வெந்நீர் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 14, சனி

குடும்பக் குழுவில் அண்ணன் போட்டிருக்கிறான்: "மார்ச் பாதியிலிருந்து சின்னவ அம்மாகூட இருக்கிறதா பேசியிருக்கோம். வேற கருத்து இருந்தா நாளை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா எல்லாரும் ஓகேன்னு எடுத்துக்கறேன்."

பேசியிருக்கோமா? யார் பேசினது?

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுதி எழுதி அழித்தேன். "அண்ணா, ஒரு விஷயம்…" — அழித்தேன். "இதைப் பத்திக் கொஞ்சம்…" — அழித்தேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்தேன், பின்பக்கத்தில் துணி உலர்த்துகிற இடம் வரைக்கும். திரும்பி வந்தால் சாயங்காலம் போயிருந்தது. அண்ணன் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போட்டிருந்தான். "அப்ப முடிவாச்சு. எல்லாருக்கும் நன்றி."

பிப்ரவரி 17, செவ்வாய்

வகுப்பில் சிரித்துவிட்டேன். சத்தமாக. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பேராசிரியை அடுத்த கட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். சில முடிவுகளுக்கு எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் கூட்டி உட்கார வைக்க முடியாது. வாசகத்தைச் சுற்றுக்கு விடுவார்கள். இத்தனை மணிக்குள் மறுப்பு வராவிட்டால் நிறைவேறியதாக அர்த்தம். மறுத்து எழுதினால் அதற்குப் பெயர் மௌனத்தைக் கலைப்பது. மௌன நடைமுறை. உலகம் முழுக்க இருக்கிறதாம்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டார்.

"எங்க வீட்லயும் இருக்கு மேடம்" என்றேன். வகுப்பும் சிரித்தது. எனக்கு அதற்குள் கண் கலங்கிவிட்டது, பேனாவைக் கீழே போட்டுத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வகுப்பு முடிந்து துறை அலுவலகத்துக்குப் போனேன். ஒரு வருஷம் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டேன். அங்கே இருந்த பெண்மணி நல்ல மாதிரி. "நிறுத்தலாம். ஆனா அடுத்த வருஷம் பாடத்திட்டமே மாறுதும்மா. திரும்பி வந்தா முதல்லேர்ந்துதான் சேரணும். இடம் கிடைக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். இன்னொரு தடவை கேட்டேன். அதே பதிலை இன்னும் மெதுவாகச் சொன்னார்.

பிப்ரவரி 18, புதன்

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அனுப்பிவிட்டேன். "எனக்குச் சம்மதம் இல்லை. என்னால் படிப்பை விட முடியாது."

அனுப்பிவிட்டு ஃபோனைப் பையின் அடியில் போட்டேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

அண்ணன்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயில என்ன வச்சிருந்தே? முடிஞ்சபிறகு வந்து மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

அக்கா: "உனக்கு ஒருத்தர் இருந்து பிள்ளைகுட்டி இருந்தா தெரியும்டீ." சொன்னபிறகு அவளே அழுதாள். நான் அழவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபம்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அம்மாதான். அம்மா என் பக்கம் நிற்பாள் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல. "அவளைப் படிக்க விடுங்கடா" என்பாள் என்று. அக்கா ஃபோனை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா சொன்னாள்: "நீ வருவேன்னுதான் இருந்தேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

என்ன பிள்ளை நான்? ஒரு தாய் கேட்டதைச் செய்யாமல் எந்த ஊர்க் கடலில் எவனுக்கு உரிமை என்று படித்து என்ன கிழிக்கப்போறேன்?

ஆனாலும் விட முடியாது. முடியாதுன்னா முடியாது. ஏன் முடியாது? தெரியல.

பிப்ரவரி 24, செவ்வாய்

வகுப்புப் பயிற்சியிலும் மௌனத்தைக் கலைத்தாயிற்று. பக்கத்து நாட்டுத் துறைமுகங்களோடு வர்த்தகத்தை நிறுத்துவது என்று கூட்டறிக்கை. என் தீவுக்குச் சாமான் வருவதே அந்தத் துறைமுகம் வழியாகத்தான். நேற்று கெடு முடிவதற்கு முன்பே மறுப்பை அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை நேரம் தவறவில்லை!

எதிர்க்கட்சி முகம் சிவந்துவிட்டான். "அக்கா, எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. நீங்க ஒரு ஆள். எங்க எல்லாரோட மார்க்கையும் சேர்த்து முழுங்கறீங்க."

"நான் ஒரு நாடுப்பா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பேராசிரியை பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "வேண்டாம்னு சொல்லிட்டீங்க. சரி. உங்களுக்கு என்னதான் வேணும்? எதிர்ல இருக்கிறவங்க ஏன் இவ்வளவு அவசரப்படறாங்க, யாரையாவது தனியாப் பார்த்துக் கேட்டீங்களா?" கேட்கவில்லை. "அப்ப நீங்க பேச்சுவார்த்தை நடத்தல. கதவைச் சாத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டார்.

எரிச்சலாக வந்தது. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அம்மா, உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"சும்மா சொல்லும்மா. யாரு வீட்டுக்குப் போகணும், யாரு வரணும், எல்லாரும் எங்களுக்குள்ளேயே பேசிக்கிட்டோம். உன்னைக் கேக்கவே இல்ல."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டேன். சம்பள ஆளு வேணாம். ராத்திரி தண்ணி கேட்டா என் வயித்துல பொறந்தது ஒண்ணு எழுந்து வரணும். எதுவா இருந்தா என்ன?"

"நான்தான் வரணும்னு இல்லியா?"

"நீ வந்தா சண்டை போடமாட்டே. அதனால சொன்னேன்."

இதற்குச் சிரிப்பதா அழுவதா?

மார்ச் 5, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இன்று வகுப்பில்லை. அண்ணனைத் தனியாகப் பார்த்துப் பேசலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறினேன். ஃபோனில் பேசினால் கத்துவான், நேரில் பார்த்தால் கத்தமாட்டான் என்று ஒரு கணக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அவன் ஆபீஸ் வாசலில் இருந்தேன். காவலாளியிடம் பெயர் சொன்னேன்.

"அவரா? அவரு வருஷம் பொறந்ததுலேர்ந்தே வர்றதில்லையேம்மா. அந்தப் பிரிவையே மூடிட்டாங்க."

வேறு யாரோ என்று நினைத்தேன். அடையாளம் சொன்னேன் — உயரமா, லேசா வழுக்கை, பேசும்போது மூக்கைத் தேய்ப்பார். "அவரேதான்" என்றார்.

ஓரமாக வந்து அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"எங்கண்ணா இருக்கே?"

"ஆபீஸ்லதான். மீட்டிங் போயிட்டிருக்கு. சீக்கிரம் சொல்லு."

பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம். ஊஞ்சல் கிரீச்சிடுகிற சத்தம்.

"அண்ணா, நான் உன் ஆபீஸ் வாசல்ல நிக்கறேன்."

ஊஞ்சல் மட்டும் கேட்டது. பிறகு, "அங்கேயே இரு. வர்றேன்."

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை, பழைய அடையாள அட்டை சட்டைப் பைக்குள். ரெண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போனான். அந்தக் கடைக்காரருக்கு அவனை நன்றாகத் தெரிந்திருந்தது.

"தினமும் கிளம்பி எங்கேண்ணா போறே?"

"பார்க். மழை வந்தா ரயில்வே ஸ்டேஷன்." மூக்கைத் தேய்த்தான். "வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் குட்டி. நாப்பத்திநாலு வயசுன்னா ஃபோனை வச்சிடறாங்க."

"அண்ணிக்கு?"

"தெரியாது. சொல்லிடாதே." இவ்வளவு மெதுவாக அண்ணன் பேசி நான் கேட்டதில்லை. "அம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஒரு நர்ஸ் வைக்கணும், செலவு, கணக்கு — எல்லாம் வெளிய வந்துடும். அதான் உன் தலையில கட்டினேன். எனக்குத் தெரியாதா, நீ எதுவும் சொல்லமாட்டேன்னு."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அப்ப நீயே அம்மாகூட இரேன்."

"எப்படி? ஏன் எதுக்குன்னு ஆளாளுக்குக் கேப்பாங்களே."

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றேன். ஏன் சொன்னேனோ.

மார்ச் 7, சனி

நாள் முழுக்க ஒரு வாக்கியத்துக்காக அலைந்தேன். பொய்யாக இருக்கக் கூடாது, உண்மையும் தெரியக் கூடாது. கடைசியில் இப்படி வந்தது: "அண்ணன் இப்போதைக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், அம்மாவோடு அவன் இருப்பான். வெள்ளி முதல் ஞாயிறு வரை நான் வருவேன். அண்ணன் அந்த நாட்களில் தன் வீட்டுக்குப் போய் வருவான். அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாட்களுக்கு வருவாள்."

அண்ணனுக்கு முதலில் படித்துக் காட்டினேன். "வேலையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற இடத்தில் நிறுத்தினான். "எந்த வேலையைன்னு இல்லையே."

"இல்லதான்" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

எல்லாரும் சம்மதம். அக்கா எழுதியிருக்கிறாள்: "அடேங்கப்பா, அண்ணனா!" அண்ணி ஒரு கும்பிடு போட்டிருக்கிறாள். அந்தக் கும்பிடைப் பார்க்கவே முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பயிற்சியின் கடைசி அமர்வு. முன்கூட்டியே எதிர்க்கட்சியைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். அவனுக்குத் தேவை தலைப்பில் ‘ஒருமனதாக’ என்கிற சொல். எனக்குத் தேவை சாமான் வருகிற வழி. "உரிய விதிவிலக்குகளுடன்" என்று ஒரு வால் சேர்த்தோம். எது உரியது என்று யாரும் எழுதவில்லை. கைதட்டல். ஆக்கபூர்வமான தெளிவின்மை என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம். பேராசிரியை என்னைப் பார்த்து, "இப்பதான் பழகிட்டீங்க" என்றார்.

பழகிவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 4, சனி

அம்மா வாக்கரைப் பிடித்துக் கூடம் வரைக்கும் நடக்கிறாள். அண்ணன் அறையில் மடிக்கணினி முன்னால் காதில் மாட்டிக்கொண்டு, "ஓகே… ஓகே சார்… பார்த்துடலாம்" என்று சொல்வானாம். நான் வருகிற நாளில் அவன் கிளம்பிப் போவதால் எனக்குத் தெரியாது. அம்மாதான் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"ஏண்டீ, இவன் தெனமும் மீட்டிங்னு பேசறான். முந்தாநேத்து கரண்ட் போச்சு, நெட்டு போச்சு, இவன் பாட்டுக்கு ஓகே சார்ங்கறானே?"

வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டேன்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றாள், தலையைத் தூக்காமலே.

"ஒரு மாசமாம்மா."

"ம்." உரித்து முடித்தாள். "அவன் வாயால சொல்லட்டும். நான் கேக்கப்போறதில்லை. நான் கேட்டேன்னு நீயும் அவன்கிட்ட சொல்லாதே."

ஆக, இந்த வீட்டில் இப்போது எல்லாரும் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கிறோம். என் ஒரு வாக்கியம் செய்த வேலை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பரீட்சை. சட்டத் தாளில் பாதி எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உட்காரவே முடியல.

மே 9, சனி

அண்ணன் அண்ணியிடம் சொல்லிவிட்டான். நான் கேட்டு இல்லை, அம்மா கேட்டும் இல்லை. போன வாரம் வீட்டுக்குப் போனவனிடம் அண்ணி புதுச் சட்டை ஒன்றைக் கொடுத்தாளாம், ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ள. அதை வாங்க முடியாமல் சொல்லிவிட்டானாம்.

இன்று அண்ணி எனக்கு ஃபோன் செய்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலை போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. காலைல டையை நேராக்கி அனுப்பிவச்சது நான். அத்தனை நாளும் எனக்கு எதிர்ல நடிச்சிருக்காரு. நீயும் அதுக்கு எழுதிக் குடுத்திருக்கே."

"அண்ணி, அது பொய்யில்லேன்னு…"

"தெரியும். படிச்சுப் பார்த்தேன், மறுபடியும். ஒரு இடத்துலயும் பொய்யில்ல. அதுதான் எனக்கு ஆறல."

மன்னிப்புக் கேட்டேன். "உங்க சிரமம் புரியுது" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல வேளை, முழுங்கினேன். "நான் செஞ்சது தப்பு அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மே 10, ஞாயிறு

துறைக்குக் கட்டுரை எழுதி முடிக்க வேண்டும் என்று இந்த வாரம் நான் போகவில்லை, அண்ணன்தான் அம்மாவோடு இருந்தான். குழுவில் அவனே எழுதியிருக்கிறான். சுற்றி வளைக்காமல். அக்கா உடனே கிளம்பி வந்து, அவனை வாசலிலேயே கட்டிக்கொண்டு திட்டினாளாம். அம்மா மட்டும் அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி "அய்யோ" என்றாளாம். என்ன ராஜதந்திரி!

ஜூன் 20, சனி

முடிவுகள் வந்தன. சட்டத் தாளில் தோல்வி. திரும்ப எழுத வேண்டும். மற்றதிலெல்லாம் தேறிவிட்டேன்.

கட்டுரைக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். தெளிவில்லாத வாசகத்தால் அன்றைக்கு யாருக்கு நிம்மதி, பின்னால் யாருக்குச் சுமை — இதைத்தான் ரெண்டு பழைய ஒப்பந்தங்களை வைத்து எழுதினேன். கடைசிப் பக்கத்தில் பேராசிரியை, "கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தைக் குறைத்தால் ஆய்வேடாகும்" என்று எழுதியிருக்கிறார். குறைக்கவேண்டுமா? யோசிக்கணும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

சட்டத் தாளைத் திரும்ப எழுதினேன். கடைசி மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். தூதரக அலுவலகங்கள் இருக்கிற தலைநகரத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, குளிர்காலம் வரைக்கும். வார இறுதிக்கு வந்துபோக முடியாத தூரம். வெள்ளி முதல் ஞாயிறு வரை யார்? குழுவில் நானே கேட்டேன், கெடு எதுவும் வைக்காமல். சாயங்காலம் அண்ணியிடமிருந்து பதில்: "நான் வர்றேன். அத்தையோட எனக்கும் பேச வேண்டியது இருக்கு."

என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் வருகிறாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

ரயிலில்.

காலையில் அம்மா வாக்கர் இல்லாமல், கைத்தடியோடு வாசல் வரைக்கும் வந்தாள். "குளிருமாம், ஸ்வெட்டரை மேல வை, அடியில வச்சு என்ன பிரயோஜனம்" என்று பெட்டியைத் திறக்க வைத்து மறுபடி அடுக்கச் சொன்னாள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. அண்ணிதான் கேட்டாள்.

அண்ணன் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தான். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவன் ஃபோன் அடித்தது. புது எண். காரை ஓரம் கட்டினான். நான் இறங்கிக்கொள்ளவா என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வண்டியின் ஸ்பீக்கரிலேயே எடுத்தான்.

யாரோ ஒரு பெண் குரல், மரியாதையாக. விண்ணப்பம் பார்த்தோம், சில விவரம் கேட்கணும், இப்போ எங்கே வேலை பார்க்கறீங்க?

அண்ணன் கை மூக்குக்குப் போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இப்ப எங்கேயும் இல்லீங்க" என்றான். "எங்க பிரிவை ஜனவரியில மூடிட்டாங்க. எங்கம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன், அவங்களைப் பார்த்துக்கறேன்."

மறுபக்கம் தட்டச்சுச் சத்தம். பிறகு அடுத்த கேள்வி. அவன் அதற்கும் பதில் சொன்னான். பேசி முடிந்ததும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்ன பார்க்கறே? இறங்கி ஓடு குட்டி, ரயிலைக் கோட்டை விடப்போறோம். கார் இனி நகராது, முன்னாடி பூரா வண்டி நிக்குது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனும் கூடவே ஓடி வந்தான்.